முனைவர் பட்ட ஆய்வு: மலைப்பாதை மூடிய வாரத்தில் மாத்திரை யார் கொண்டுபோனார்கள்? (சேலம் – ஏற்காடு)

மலைச்சாரல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பொது சுகாதாரத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். கடும் மழையும் கடும் வெயிலும் வரும்போது நம் அரசு மருத்துவக் கட்டமைப்பு எவ்வளவு தூரம் ஈடுகொடுக்கிறது என்பது தலைப்பு. களம் சேலம் மாநகரமும் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையும். கருத்துருவைப் படித்த முனைவர் குழு, மழை, வெயில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. எதையும் விட எனக்கு மனமில்லை.

காரணம் 2024. அந்த ஏப்ரல் இறுதியில் சேலத்தில் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்த பிறகும் உள்மாவட்டங்களைப் புரட்டிப்போட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. எட்டே மாத இடைவெளியில் ஒரே மாவட்டத்தின் மருத்துவர்களும் செவிலியர்களும் இரண்டையும் சந்தித்தார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் இதற்கென ஒரு செயல்திட்டச் சட்டகம் வெளியிட்டது. தலைமை, பணியாளர், முன்னெச்சரிக்கை, கட்டமைப்பு, நிதி என்று அதில் பத்துக் கூறுகள். பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை எடுத்துக்கொண்டு மருத்துவமனைகளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. 2017-இல் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது அரசு சொன்ன இறப்பு 64. மறு ஆண்டு ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்குப் பிறகு அதே அரசு ஏற்றுக்கொண்ட எண்ணிக்கை 2,975. அது காற்றடித்த நாளின் கணக்கு அன்று. அடுத்த ஆறு மாதத்தின் கணக்கு. மின்சாரமும் சாலையும் மருந்தும் இல்லாத வாரங்கள் அதற்குள் இருக்கின்றன. அந்த வாரங்களைத்தான் சேலத்தில் அளக்க விரும்புகிறேன். மழை நின்ற பிறகு யாருடைய சிகிச்சை அறுந்தது, எத்தனை நாள், யார் அதைத் திரும்ப முடிச்சுப் போட்டார்கள்?

மலையிலும் நகரத்திலும் பணியாற்றியவர்கள், வாழ்பவர்கள் சொல்லுங்கள். எதை அளப்பது?

---

ஓய்வுபெற்ற செவிலி

மகளே, மலையில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கட்டடத்துக்கு மதிப்பெண் போடுவது இருக்கட்டும். முதலில் செவிலியரின் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்.

அரசு கொடுக்கும் பதிவேடுகள் ஒரு பக்கம். அதற்கு வெளியே ஒவ்வொரு செவிலியரும் தனக்கென்று ஒரு நோட்டு வைத்திருப்பார். அடுத்த மாதம் பிரசவத் தேதி உள்ளவர்கள் யார், காசநோய் மாத்திரை சாப்பிடுபவர்கள் யார், வலிப்பு மாத்திரையை இரண்டு நாள் விட்டால் விழுந்துவிடக்கூடிய பிள்ளை எந்த வீட்டில், படுக்கையில் இருக்கும் பெரியவர் யார் என்று அதில் இருக்கும். ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் எந்த ஓடை பெருகினால் அந்த ஊர் துண்டிக்கப்படும் என்பதும் இருக்கும். மழை எச்சரிக்கை வந்தால் நாங்கள் முதலில் பிரிப்பது அந்த நோட்டைத்தான்.

பிரசவத் தேதி நெருங்கியவர்களை மழைக்கு முன்பே இறக்கிவிட வேண்டும். தமிழகத்தில் மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் இதற்கென்றே மகப்பேறு காத்திருப்பு அறை உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் அறை இருந்தால் மட்டும் பெண் வந்துவிடமாட்டாள். ஆட்டை யார் பார்ப்பது, மூத்த குழந்தையை யாரிடம் விடுவது, காப்பித் தோட்டத்தில் கூலி போகுமே என்று ஆயிரம் இருக்கிறது. கணவரிடம் பேசிப் பயனில்லை, மாமியாரிடம் பேச வேண்டும். மாமியார் தானும் கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அப்படியானால் மாமியாருக்கும் அங்கே சோறும் பாயும் வேண்டும். எந்தப் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் இருக்கிறது?

மின்சாரம் போன சில மணி நேரத்தில் கைப்பேசிக் கோபுரமும் நின்றுவிடும். பிறகு செய்தி போவது பால் வண்டியிலும் மிளகு வியாபாரியின் ஜீப்பிலும்தான். சாலையில் மண் சரிந்தால் 108 வண்டி சரிவுக்குக் கீழே நிற்கும். மேலே இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். நடுவில் உள்ள தூரத்துக்கு டோலிதான். அந்த டோலியைத் தூக்க ஊரில் ஆண்பிள்ளைகள் இருக்க வேண்டும். திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்ட ஊர்களில் தூக்குவதற்கு யார் இருக்கிறார்கள்?

இன்னொன்று. அந்த இரவில் செவிலியரின் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரும். அதையும் எழுது.

---

எண்ணும் ஆய்வும்

புள்ளியியல் துறையில் இருக்கிறேன். அம்மா எழுதியது மிக முக்கியமானது. ஆனால் ஆய்வாளருக்குச் சில எச்சரிக்கைகள் உண்டு.

முதலாவது: மலையில் இறப்பை அளவுகோலாக வைக்காதீர்கள். 2011 கணக்கெடுப்பில் ஏற்காடு வட்டத்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 40 ஆயிரம்தான். ஒரு மழை வாரத்தில் அங்கே நிகழும் இறப்புகளை வைத்து எந்தச் சோதனையும் செய்ய முடியாது. போர்ட்டோ ரிக்கோவில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருந்ததால்தான் அந்தக் கூடுதல் இறப்பு கண்ணுக்குத் தெரிந்தது. உங்களுக்கு வேண்டியது அடிக்கடி நிகழும் ஒன்று. மாத்திரை வாங்க வேண்டிய தேதிக்கும் வாங்கிய தேதிக்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். அது மாதாமாதம் நடப்பது. மழைக்கு முந்தைய பல மாதங்களையும் பிந்தைய பல மாதங்களையும் ஒரே வரிசையில் வைத்தால் சரிவு எங்கே, மீட்சி எங்கே என்று தெரியும்.

இரண்டாவது: பதிவேட்டில் வெற்றிடம் வேறு, பூஜ்ஜியம் வேறு. மழை வாரத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் ஒருவரும் மருந்து வாங்கவில்லை என்று இருந்தால், யாரும் வரவில்லையா, வந்தவர்களுக்கு மருந்து இல்லையா, அல்லது எழுத வேண்டியவர் வேறு ஊரில் நிவாரண முகாமில் இருந்தாரா? மூன்றும் கணினியில் ஒரே மாதிரிதான் தெரியும். மூன்றுக்கும் மூன்று வேறு தீர்வுகள். இதைப் பிரிக்காமல் வரைபடம் போட்டால், எழுதுவதற்கு ஆள் இல்லாத இடமே மோசமான இடம் என்று ஆகிவிடும்.

மூன்றாவது: செவிலியரின் தனி நோட்டு ஆய்வுத் தரவாக வர வேண்டுமானால் நெறிமுறைக் குழுவின் அனுமதி தனியாக வேண்டும். அதில் நோயாளிகளின் பெயரும் வீடும் இருக்கின்றன.

---

ஓய்வுபெற்ற செவிலி

பெயரை மறைத்து எடுத்துக்கொள்ளட்டும், தம்பி. ஆனால் நோட்டைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், நாங்கள் செய்த வேலை எந்தக் காலத்திலும் கணக்கில் வராது.

---

செவ்வாய்ப்பேட்டை

இழை முழுவதும் மழையாகவே இருக்கிறது. சேலம் நகரத்தின் பக்கமும் கொஞ்சம் திரும்புங்கள்.

எங்கள் குடும்பம் தலைமுறையாக வெள்ளிக் கொலுசுத் தொழிலில் இருக்கிறது. பற்றவைக்கும் இடத்தில் மின்விசிறி போட முடியாது, சுடர் அலையும். சன்னலைத் திறந்து வைக்கவும் யோசிப்பார்கள், வெள்ளித் துகள் பறந்தால் நட்டம். மே மாதத்தில் அந்த அறைக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். விசைத்தறிக் கூடங்களில் தகரக் கூரையும் அட்டைக் கூரையும் இரவு பத்து மணிக்கும் அனல் கக்கும். வானிலை நிலையத்துக் கருவி நிழலில், காற்றோட்டத்தில் இருக்கிறது. சமவெளியில் அது 40 டிகிரியைத் தொட்டால்தான் வெப்ப அலையா என்ற கேள்வியே எழும். கூரைக்குக் கீழே இருப்பவனின் வெப்பத்தை யாரும் அளப்பதில்லை.

வெயிலில் விழுந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் மாரடைப்பு என்றோ சிறுநீரகக் கோளாறு என்றோதான் சீட்டில் எழுதப்படுகிறது. எங்கள் தெருவில் அப்படி இறந்தவர்கள் உண்டு. வெப்பம் என்ற சொல் எந்தக் காகிதத்திலும் இல்லை. இப்போது பேரிடர் என்று அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு என்று சொல்கிறார்கள். காகிதத்தில் எழுதாத மரணத்துக்கு நிவாரணத்தை யாரிடம் போய்க் கேட்பது? மலைச்சாலை மூடினால் மறுநாள் செய்தித்தாளில் படம் வரும். வெயிலுக்குப் படம் கிடையாது. நீங்களும் விட்டுவிட்டால் யார் எழுதுவார்கள்?

---

எண்ணும் ஆய்வும்

செவ்வாய்ப்பேட்டை நண்பர் சொல்வது உண்மை. வெப்ப மரணத்தை மரணச் சான்றிதழில் தேடினால் கிடைக்காது. 2010 மே மாதம் அகமதாபாத்தில் மொத்த இறப்புகளை எண்ணி, முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்ட பிறகுதான் 1,300-க்கும் மேற்பட்ட கூடுதல் மரணங்கள் நேர்ந்தது தெரிந்தது. அதன் பிறகு 2013-இல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது. சேலம் மாநகரம் இந்த முறைக்குப் போதுமான அளவு பெரியது. ஆனால் அது தனி ஆய்வு, அதற்கே மூன்று ஆண்டு வேண்டும். அதை மலை ஆய்வோடு கட்டினால் இரண்டும் அரைகுறையாக நிற்கும். முனைவர் குழு சொன்னதில் நியாயம் இருக்கிறது.

---

மருந்துக் கிடங்கு

அரசு மருந்தாளுநராக இருந்தவன். மருந்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டது. மாவட்டக் கிடங்குகளிலிருந்து ஒவ்வொரு அரசு மருத்துவ நிலையமும் தன் பாஸ்புத்தகத்தில் உள்ள ஒதுக்கீட்டுக்குள் மருந்து எடுத்துக்கொள்ளும் முறை அதிலிருந்து வந்தது. நல்ல முறை, பிற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றியது. ஆனால் அந்த ஒதுக்கீட்டில் மழைக்காலம் என்ற கணக்கைத் தனியாகச் சேர்ப்பது நிலையத்தில் இருப்பவரின் முன்யோசனையைப் பொறுத்தது. மலையில் செப்டம்பர் மாதமே கூடுதலாக எடுத்து வைப்பவரும் உண்டு, வழக்கம் போல் எடுப்பவரும் உண்டு. ஆய்வாளர் இந்த ஒன்றை மட்டும் கேட்டாலே நிறைய விளங்கும்: அக்டோபர் முதல் தேதியில் உங்கள் கையிருப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? எந்தெந்த மருந்துக்கு?

குளிர்ச்சி பற்றி ஒரு செய்தி. தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். குளிர்பெட்டி மின்சாரம் இல்லாமலும் பல மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும். எல்லாரும் சூட்டுக்குத்தான் பயப்படுகிறார்கள். அவசரத்தில் பெட்டி மாற்றும்போது உண்மையில் நடக்கும் சேதம் உறைவது. உறைகலனிலிருந்து எடுத்த ஐஸ் பொதியைச் சற்று நேரம் வெளியே வைத்து வியர்க்க விடாமல் அப்படியே பெட்டிக்குள் வைத்துவிட்டால், பக்கத்தில் இருக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசியும் மஞ்சள் காமாலைத் தடுப்பூசியும் உறைந்து வீணாகும். குப்பியில் ஒட்டியிருக்கும் வண்ணக் குறி சூட்டைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. எனவே பெட்டி இயங்கியதா என்று கேட்பதோடு நிற்காதீர்கள். இடம் மாற்றினீர்களா, யார் மாற்றினார், பொதியை எவ்வளவு நேரம் வெளியே வைத்தார் என்றும் கேளுங்கள்.

டயாலிசிஸ் நோயாளிகளை மறக்காதீர்கள். நான்கு மணி நேரச் சுத்திகரிப்புக்கு ஒருவருக்குச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் போகும். மின்சாரம், தண்ணீர், சாலை மூன்றும் ஒரே நாளில் வேண்டும். மலையிலிருந்து வாரம் இரண்டு மூன்று முறை இறங்கி வருபவருக்கு ஒரு வாரம் சாலை இல்லை என்றால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

---

மிளகுக்கொடி

நான் மேலே வாழ்பவன். மலையாளி பழங்குடி; கேரள மலையாளி அல்ல, இந்த மலையின் மக்கள். சென்னையில் படித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். மேலே அனைவரும் அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள், நன்றி. ஆனாலும் என் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.

எங்களைப் பற்றி வரும் ஆய்வுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. டோலி தூக்கியதையும், ஊரே கூடி மண்ணை அள்ளி வழி செய்ததையும் எழுதி, மலை மக்களின் மன உறுதி என்று முடித்துவிடுவார்கள். டோலியில் படுத்திருந்த பெண்ணுக்கு அது மன உறுதி அன்று. எங்கள் கிராமத்துக்குத் தார்ச்சாலையும் ஓடையின் மேல் ஒரு பாலமும் இருந்தால் அந்தக் காட்சிக்கே இடமில்லை. செவிலியர் இரவில் டார்ச்சோடு நடந்து வந்ததைப் பாராட்டி எழுதும்போது, அவருக்கு ஏன் வண்டி இல்லை, துணைக்கு ஏன் இன்னொருவர் இல்லை என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது விதி. அந்த 3,000 பேர் எத்தனை மேடுகளில், எத்தனை பள்ளங்களில் சிதறி இருக்கிறார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காமல் நடக்கும் நேரத்தில் கேளுங்கள். வெயில் நாளில் எவ்வளவு, மழை நாளில் எவ்வளவு என்று இரண்டையும்.

ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து இரண்டு பாதைகள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுவது ஒன்று. குப்பனூர் வழியாக வருவது மற்றொன்று. ஒன்று மூடினால் மற்றது இருக்கிறதே என்று நகரத்தில் இருப்பவர்கள் நினைப்பார்கள். பேருந்தில் வரும் சுற்றுலாப் பயணிக்கு அது சரி. நாங்கள் முதலில் எங்கள் கிராமத்திலிருந்து ஏற்காட்டுக்கு வர வேண்டுமே? அந்த உள்சாலைகள் மூடியது எந்தச் செய்தியிலும் வராது, எந்தப் பதிவிலும் இருக்காது.

ஆய்வு முடிந்ததும் புத்தகம் நூலகத்துக்குப் போகும். எங்களுக்கு என்ன வரும்?

---

செவ்வாய்ப்பேட்டை

மிளகுக்கொடி தம்பியின் கேள்வி எங்களுக்கும் பொருந்தும்.

---

மலைச்சாரல்

ஒவ்வொரு பதிலையும் அச்செடுத்து வைத்துப் படித்தேன். என் முடிவைச் சொல்கிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

மழையா வெயிலா என்று தேர்வதற்குப் பதிலாக ஒரு நோயாளியைத் தேர்கிறேன். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாதாமாதம் அரசு மருந்து வாங்குபவர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய, மருந்தை வீட்டுக்கே கொண்டு தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் இவர்களுக்கு வீட்டளவில் பதிவு இருக்கிறது, மலையிலும் நகரத்திலும். இந்த நோயாளியை மழையும் வெயிலும் இரு வேறு விதங்களில் தொடுகின்றன. மழை மாத்திரையை வரவிடாமல் செய்கிறது. வெயிலில் மாத்திரை கையில் இருக்கிறது, ஆனால் அதன் அளவே சிக்கலாகிறது. சிறுநீர் பெருக்கி மாத்திரை சாப்பிடுபவர் விசைத்தறிக் கூடத்தில் வியர்த்துக்கொண்டே இருந்தால் உடலில் நீரும் உப்பும் குறைந்து மயங்கி விழலாம். கோடைக்கு முன் அவருடைய மருந்துச் சீட்டை யாராவது திரும்பப் பார்த்தார்களா? குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை மண்பானைக்குள் வைக்கச் சொல்லிக் கொடுத்தார்களா? மழைக்கு முன் இரண்டு மாத மாத்திரை சேர்த்துக் கொடுத்தார்களா? மூன்றும் ஒரே கேள்விதான். வானிலை எச்சரிக்கை வந்த நாளுக்கும் அது நடந்த நாளுக்கும் நடுவில், மருத்துவக் கட்டமைப்பு இந்த ஒரு மனிதருக்காக என்ன செய்தது? இதை முனைவர் குழு முன் என்னால் வாதாட முடியும்.

இறப்புக் கணக்கை எடுக்கவில்லை. சேலத்தின் வெப்ப மரணங்களைத் தனி ஆய்வாக யாராவது செய்ய வேண்டும் என்று என் ஆய்வேட்டிலேயே எழுதுவேன்.

---

ஓய்வுபெற்ற செவிலி

அப்படியானால் கர்ப்பிணிகள்? மழையில் உயிர் போகும் ஆபத்து முதலில் அவர்களுக்குத்தான். மாத்திரை சாப்பிடும் சர்க்கரை நோயாளி ஒரு வாரம் தாக்குப்பிடிக்கலாம். பிரசவ வலி ஒரு வாரம் காத்திருக்காது.

---

மலைச்சாரல்

உண்மை அம்மா. எண்ணிக்கையாக அவர்களைச் சேர்க்க முடியாது, ஒரு பருவத்தில் ஒரு கிராமத்துக்கு ஓரிருவர்தான் இருப்பார்கள். ஆனால் ஒரு முழு அத்தியாயம் அவர்களுக்கு வைக்கிறேன். மழைக்காலத்தில் பிரசவித்த பெண்கள், அவர்களுடைய மாமியார்கள், செவிலியர்கள் ஆகியோரிடம் நேர்காணல். வந்தவர்கள் ஏன் வந்தார்கள், வராதவர்கள் ஏன் வரவில்லை என்பதுதான் அதன் மையம். சோறு, பாய் விஷயத்தை உங்கள் வார்த்தையிலேயே கேள்வியாக வைக்கிறேன்.

மிளகுக்கொடி, உங்களுக்கு நான் தர முடிந்தது இது. எந்த உள்சாலை எந்த மழையில் மூடும், அப்போது எத்தனை தொடர் நோயாளிகள் மறுபக்கம் இருப்பார்கள், நடந்து வர எவ்வளவு நேரம் என்று கிராமம் கிராமமாக ஒரு பட்டியல். நோயாளிகளின் பெயர் இருக்காது. தமிழில் இருக்கும். ஆய்வேடு முடியும் வரை காத்திருக்காமல் முதல் ஆண்டிலேயே தருகிறேன்.

---

மிளகுக்கொடி

அப்படியானால் அதை அக்டோபர் 2 கிராம சபையில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் கூடுவது அதுதான். பட்டியல் இருந்தால் சாலைக்கும் பாலத்துக்கும் தீர்மானம் போடும்போது எண்ணோடு கேட்கலாம். இதுவரை வெறும் கோரிக்கையாகத்தான் கேட்டிருக்கிறோம். களப்பணிக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை வராதீர்கள், காப்பிப் பழம் பறிக்கும் காலம், வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். நடக்கும் நேரத்தை அளக்க நான் கூட வருகிறேன்.

---

எண்ணும் ஆய்வும்

அக்டோபர் என்றால் நெறிமுறைக் குழு அனுமதியும் பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் அனுமதியும் மே மாதத்துக்குள் கையில் இருக்க வேண்டும். விண்ணப்பத்தை இப்போதே எழுதுங்கள். கிராமப் பட்டியலை மாத்திரைத் தரவிலிருந்து பிரித்துத் தனி இணைப்பாக வைத்து, அதைக் கிராம சபையில் பகிர்வதற்கும் அதே விண்ணப்பத்தில் அனுமதி கேட்டுவிடுங்கள். பின்னர் கேட்டால் தருவது கடினம். மிகச் சிறிய ஊர்களில் நோயாளி எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே இருந்தால் எண்ணைப் போடாமல் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் பெயர் இல்லாமலே ஆள் தெரிந்துவிடும்.

---

மலைச்சாரல்

அப்படியே செய்கிறேன். மருந்துக் கிடங்கு ஐயா, அக்டோபர் முதல் தேதிக் கையிருப்புக்கான கேள்விப் படிவத்தை நீங்களே ஒருமுறை எழுதித் தர முடியுமா? எந்தெந்த மருந்துகளைக் கேட்பது என்பதை நான் முடிவு செய்வதைவிட நீங்கள் செய்வது நல்லது.

---

மருந்துக் கிடங்கு

தருகிறேன் அம்மா. அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு இன்சுலின், வலிப்பு மாத்திரை, பாம்புக்கடி மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியவற்றையும் சேர்க்கிறேன். உங்கள் தலைப்பில் இல்லாவிட்டாலும் கேளுங்கள், மேலே போகும்போது கேட்டுவிட்டு வருவதில் கூடுதல் செலவு ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே பதிவிடுகிறேன்.